சட்டம் போடும் வில்லன்: நேகன் முதல் ஆதி குணசேகரன் வரை

ஒரு தொடர்கதை நூறாவது இதழையோ ஐந்நூறாவது எபிசோடையோ தொடும்போது அதை எழுதுகிறவருக்கு ஒரு நெருக்கடி வந்துவிடுகிறது. முதல் நாள் வாசகரை நடுங்கவைத்த பயம் அதற்குள் பழகிப் போயிருக்கும். ராபர்ட் கிர்க்மன் எழுதிய 'தி வாக்கிங் டெட்' அமெரிக்க காமிக்ஸ் 2003 அக்டோபரில் தொடங்கியது. செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகில், ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரரும் அவரோடு சேர்ந்தவர்களும் உயிர் தப்பி வாழ்வதுதான் கதை. தொடக்கத்தில் அந்த நடைபிணங்களே போதுமான பயமாக இருந்தன. ஒன்பது வருடம் ஓடிய பிறகு அப்படி இல்லை. சத்தம் போட்டால் அவை கூடிவிடும், மண்டையில் அடித்தால் விழுந்துவிடும், மெதுவாகத்தான் நடக்கும் என்பதெல்லாம் பாத்திரங்களுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். 2012 ஜூலையில் வந்த நூறாவது இதழில் நேகன் என்ற புதிய கொடியவன் நுழைந்தது இந்த இடத்தில்தான். முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையால், முதல் சில இதழ்களிலிருந்தே வாசகர்கள் கூடவே வந்த கிளென் என்ற இளைஞனை எல்லோர் கண்ணெதிரிலும் அவன் அடித்துக் கொன்றான். அந்த ஒரு இதழுக்கே மூன்றரை லட்சத்துக்கும் மேல் பிரதிகள் தேவைப்பட்டன.

அந்தக் கொலையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நேகனை அந்தத் தொடரின் மிகப் பெரிய வில்லனாக ஆக்கியது அந்தக் கொலை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். கொலை என்று பார்த்தால் அவனுக்கு முன்பே 'கவர்னர்' என்று ஒருவன் இருந்தான். 27ஆம் இதழில் வந்தான், ரிக்கின் கையை வெட்டினான், ரிக்கின் மனைவியும் கைக்குழந்தையும் சாகக் காரணமானான், 48ஆம் இதழில் செத்தும் போனான். கொடூரத்தில் நேகனுக்கு அவன் ஒரு படிகூடக் குறைந்தவன் இல்லை. இருந்தும் இருபத்திரண்டு இதழ்களில் அவன் கதை தீர்ந்துவிட்டது. நேகனோ நூறாவது இதழில் வந்து, 2019 ஜூலையில் 193ஆம் இதழோடு தொடரே முடிந்தபோதும் உயிரோடு இருந்தான். கவர்னரிடம் இருந்தது வெறி. நேகனிடம் ஒரு சட்டம் இருந்தது. விளைவதில், சேர்ப்பதில் பாதியை அவன் ஆட்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் உயிர் இருக்கும். அவன் முகாமுக்குள் வேலைக்குப் புள்ளிகள் உண்டு, புள்ளிகளுக்குப் பண்டம் உண்டு. அவனுடைய மனைவியரில் ஒருத்தியோடு உறவு வைத்துக்கொண்டவனின் கன்னத்தில், எல்லோரையும் கூட்டி நிற்கவைத்து, பழுக்கக் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்ப்பான். அதே நேகன், கைதியாகப் பிடித்துவந்த பெண்ணைக் கெடுக்க முயன்ற தன் ஆளையே அந்த இடத்தில் குத்திக் கொல்லுவான். தன் ஆட்சியில் அதற்கு இடமில்லை என்பான். மனைவியர் என்று அவன் வைத்திருக்கும் பெண்கள் எவரும் பயமில்லாமல் சம்மதித்தவர்கள் அல்லர் என்பது அவன் கண்ணில் படவே படாது. கொடுமையை விதியாக மாற்றி, விதியை நியாயமென்று நம்பி, அந்த நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்குகிறவன் அவன்.

தமிழில் இதற்கு நேர் இணையான ஜோம்பி காமிக்ஸ் தொடர் இல்லை. சினிமாவில் 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற கதைக்குத் தொற்றே வில்லனாக இருந்தால் போதும். நடைபிணத்தின் பயம் தீர்ந்து போகும் அளவுக்கு நீளும் கதையில்தான் மனித வில்லனுக்குத் தேவை வருகிறது. வருடக் கணக்கில் ஓடுவது, முடிவு எங்கே என்று எழுதுகிறவருக்கே தெரியாமல் நகர்வது என்ற இரண்டு குணங்களையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழ் வடிவம் மெகா சீரியல். ராஜா அண்ணாமலைபுரம் எம்.ஆர்.சி. நகரில் தலைமையகம் வைத்திருக்கும் சன் டிவி அதன் பெரிய களம். அங்கே ஒளிபரப்பான இரண்டு தொடர்களை, ஒரே இயக்குநர் செய்தவை என்பதால், அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. 'கோலங்கள்', 'எதிர்நீச்சல்' இரண்டும் திருச்செல்வம் இயக்கியவை. இரண்டிலும் வில்லன் பெயர் 'ஆதி' என்றே தொடங்குகிறது.

குடும்பத் தொடரையும் பிணங்கள் நடமாடும் காமிக்ஸையும் ஒன்றாக வைப்பது சிலருக்குப் பொருத்தமில்லாமல் படலாம். உருவாகும் முறையைப் பார்த்தால் தயக்கம் போய்விடும். காமிக்ஸ் மாதத்துக்கு இருபத்துச் சொச்சம் பக்கம். சீரியல் நாளுக்கு இருபத்துச் சொச்சம் நிமிடம். இரண்டிலும் ஒவ்வொரு தவணையும் அடுத்ததைக் கேட்கவைக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும். சீரியலில் 'டிராக்' என்று சொல்லப்படும் கிளைக்கதை ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது கிளம்பியாக வேண்டும். வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி. அதை நீட்டுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும். நோய், கடன், விபத்து, நின்றுபோன கல்யாணம் ஆகியவை நடைபிணங்களைப் போலவே சீக்கிரம் பழகிப்போகும் பயங்கள். மூன்றாவது விபத்தில் எந்த வீட்டுக் கூடத்திலும் யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லை. அங்கேயும் ஒரு புதிய மனிதன் தேவைப்படுகிறான்.

'கோலங்கள்' 2003 நவம்பர் 24ஆம் தேதி தொடங்கி 2009 டிசம்பர் 4ஆம் தேதி முடிந்தது. 1,533 எபிசோடுகள். தேவயானி நடித்த அபி, புகுந்த வீட்டில் கணவனாலும் மாமியாராலும் படும் பாட்டில் தொடங்கிய கதை, அவள் தனியாகத் தொழில் செய்யக் கிளம்பியதும் வேறு எதிரியைத் தேடியது. அஜய் கபூர் நடித்த ஆதித்யா வந்தான். அபியின் அப்பாவுக்கு இன்னொரு பெண்ணிடம் பிறந்த மகன். ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள் தொழிலில் மோதிக்கொள்கிறார்கள். அமைப்பு நல்ல அமைப்பு. சொத்து, வாரிசு, ரத்த உறவு மூன்றும் அதில் இருந்தன. ஆனால் ஆதித்யாவுக்கு வேண்டியிருந்தது அபி அழிய வேண்டும் என்பது மட்டும்தான். அபி அழிந்தால் தொடர் முடிந்துவிடும், அழியாவிட்டால் ஆதித்யா தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சதியும் முந்தையதைவிடப் பெரிதாக வேண்டியிருந்தது. சதியிலிருந்து கடத்தல், கடத்தலிலிருந்து கொலை என்று ஏறியபோது பார்க்கிறவர்களுக்கு ஆதித்யா மேல் வெறுப்பு கூடியது. அவனைப் பற்றி யோசிக்க மட்டும் எதுவும் கூடவில்லை. அவன் கவர்னர் வகை. கவர்னருக்குக் கிடைத்த விரைவான முடிவும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரி 7ஆம் தேதி தொடங்கியபோது அதே இயக்குநர் வேறு வழியில் போனார். ஜி. மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் நான்கு சகோதரர்களில் மூத்தவன். அவன் வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் படித்திருக்க வேண்டும். வந்தபிறகு வேலைக்குப் போகக் கூடாது. இந்த ஒரு விதிதான் தொடர் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. படிப்பு குடும்பக் கௌரவத்துக்கு, வேலை குடும்பக் கௌரவத்துக்கு இழுக்கு. படிக்காத பெண்ணை அடக்கி வைப்பதில் அவனுக்கு என்ன பெருமை? படித்தவளை அடக்கி வைத்திருக்கிறேன் என்பதில்தான் அவன் அந்தஸ்து இருக்கிறது. அந்த வீட்டின் இட அமைப்பே இந்தச் சட்டத்தைச் சொல்லும். கூடத்து சோபாவில் குணசேகரன் உட்கார்ந்திருப்பான். தம்பிகள் நின்றுகொண்டிருப்பார்கள், அல்லது அவன் சொன்ன பிறகு உட்காருவார்கள். அந்த வீட்டு மருமகள்களான ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி நால்வரும் கூடத்தில் பேச முடியாது; அவர்கள் பேசுவதெல்லாம் சமையலறையில். காய் நறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஒரு கண் வாசலில் வைத்து அவர்கள் திட்டம் போடுவார்கள். கூடத்திலிருந்து அவன் கை தட்டி ஒரு அதட்டல் போட்டால் நால்வரும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அடி உதை இல்லாத காட்சிகளே அதிகம். பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைத்ததும் அந்தக் காட்சிகளில்தான்.

நேகனோடு இவனை ஒப்பிடும்போது சொத்துக் கணக்கைப் பார்ப்பது உதவும். நேகன் அடுத்தவர் உழைப்பில் பாதியைக் கேட்கிறான். கேட்பது தன் பாதுகாப்புக்கான கூலி என்கிறான். குணசேகரனுக்குப் பிரச்சினை தலைகீழாக வருகிறது. குடும்பச் சொத்தில் 40 சதவீதம் பட்டம்மாள் என்ற அப்பத்தாவின் பெயரில் இருக்கிறது என்று தெரியவந்த நாளிலிருந்து அவன் ஆட்டம் காண ஆரம்பிக்கிறான். அதுவரை அவன் குரலே வீட்டின் சட்டமாக இருந்தது. இப்போது பத்திரத்தில் எழுதியிருக்கும் வேறொரு சட்டம் எதிரே நிற்கிறது. தொடரின் மிகக் கூர்மையான இடம் அது என்று நினைக்கிறேன். கொல்லுகிற வில்லனை எதிர்க்க அவனைவிடப் பலசாலி வேண்டும். சட்டம் போடுகிற வில்லனை எதிர்க்க ஒரு வயதான அம்மாவும் ஒரு கைநாட்டும் போதும். அப்பத்தாவாக நடித்த பம்பாய் ஞானத்தை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை சபாக்களில் நாடகம் பார்க்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். ஆண் வேடத்தையும் பெண்களே போடும் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவை வருடக் கணக்கில் நடத்தியவர். அந்த மேடைப் பழக்கம் அப்பத்தாவின் நிதானத்தில் தெரிந்தது. குணசேகரன் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அவர் குரல் ஏறாது.

வெறிக்கும் சட்டத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்குத் தமிழ் காமிக்ஸ் வாசகரிடமும் பழைய சான்று உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து முதல் இதழாக வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி', பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962இல் தொடங்கிய தொடர். தமிழ்ப் பிள்ளைகளின் நாயகனான அந்த மாயாவி மூலக்கதையின் தொடக்கத்தில் ஊரை மிரட்டும் ஆபத்தான ஆள். மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் சக்தி கிடைத்ததும் புத்தி பிசகிவிட்டவன். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தந்த ஸ்பைடரும் அப்படித்தான், குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தியாகும் ஆசையோடு வந்தவன். இருவரும் பிறகு நல்லவர்கள் பக்கம் திரும்பினார்கள். ஆனால் திரும்பிய விதம் வேறு வேறு. மாயாவியின் வெறியைக் கதை ஒரு நோயைப் போலக் குணப்படுத்திவிட்டது. முன்பு வெறியனாக இருந்தான் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. ஸ்பைடருக்கோ திமிரும் ஆளும் ஆசையும் கடைசிவரை மாறவில்லை. திசை மட்டும் மாறியது. ராஜ்ஜியம் கேட்டவனை ராஜ்ஜியத்துக்குக் காவல் வைக்கலாம். நேகனையும் கிர்க்மன் இப்படித்தான் பயன்படுத்தினார். போரில் தோற்று, கழுத்து அறுபட்டும் பிழைத்து, சிறையில் கிடந்தவனே பிறகு ஆல்ஃபா என்ற அடுத்த எதிரியைக் கொன்று ரிக்குக்கு உதவினான். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் லயன்-முத்து அரங்கில் நரைத்த தலையோடு ஸ்பைடர் மறுபதிப்பைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கூர்மண்டைக்காரன் செய்த குற்றங்களைவிட அவனுக்கிருந்த அந்த அரச தோரணைதான் அவர்கள் மனதில் தங்கியிருக்கிறது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு, குணசேகரனின் வெற்றி எழுத்தால் வந்ததல்ல, மாரிமுத்துவால் வந்தது என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கிய மாரிமுத்து, தேனி மாவட்டத்துப் பேச்சை அப்படியே கொண்டுவந்து அந்தப் பாத்திரத்துக்கு உடம்பு கொடுத்தவர். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் உடல்நிலை மோசமாகி அவர் இறந்தபோது, ஒரு வில்லனுக்காக வீடு வீடாக வருத்தப்பட்டார்கள். அவருக்குப் பின் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். இருவரும் ஒன்றல்ல. மாரிமுத்துவின் அதட்டலில் ஒரு நகைச்சுவை ஓடும். வேல ராமமூர்த்தியின் முகத்தில் அதற்கு இடமில்லை, பார்வையிலேயே பயம் வந்துவிடும். ரசிகர்களில் பலர் முன்னவரையே தேடினார்கள். ஆனாலும் பாத்திரம் நின்றது. 2024 ஜூனில் தொடர் முடிந்து, அதே டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மீண்டும் தொடங்கியபோது குணசேகரனும் திரும்பி வந்தான். நடிகர் போனபிறகும் சட்டம் நின்றது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த கோடு யார் உட்கார்ந்தாலும் அப்படியே இருந்தது. வெறும் நடிப்பால் நின்ற பாத்திரமென்றால் அந்த செப்டம்பரோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு வியாபாரம் பற்றியது: கொடூரம் டி.ஆர்.பி. தரும், அதனால் வில்லன் வருகிறான், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது. கொடூரம் கூட்டத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கூடியவர்களை இருத்தி வைக்குமா என்பதற்கு 'தி வாக்கிங் டெட்' தொலைக்காட்சித் தொடரே பதில் சொல்லியிருக்கிறது. நேகன் மட்டையைத் தூக்கிய காட்சி 2016 அக்டோபரில் ஒளிபரப்பானபோது அமெரிக்காவில் சுமார் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே சீசன் முடிந்த 2017 ஏப்ரலில் பார்த்தவர்கள் சுமார் 1.13 கோடி. காமிக்ஸில் ஒரு சில பக்கங்களில் நடந்ததைத் திரை நீட்டி நீட்டிக் காட்டியது. நேகனின் சட்டத்தை விளக்க வேண்டிய வாரங்களில் அவனுடைய கொடுமையையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் வெறும் கொடூரத்துக்கு ஆயுள் குறைவு என்ற அளவுக்கு இந்த எண்கள் போதும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சட்டம் போடும் வில்லனைச் சுவையாக எழுதினால் அவன் சட்டமும் சுவையாகிவிடாதா? குணசேகரனின் அதட்டல் மீம்களாகப் பரவியது. மனைவியை அதே தொனியில் கூப்பிட்டுச் சிரிக்கவைப்பது வீடுகளில் வேடிக்கையானது. சிரிப்போடு சேர்த்து அந்த அதிகாரமும் கொஞ்சம் செல்லமாகிவிட்டது என்று பெண்கள் பலர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நல்ல வசனமெல்லாம் அவனுக்கே போன வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் தொடர் தன் எதிரிக்கே விளம்பரம் செய்தது. இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஆதித்யாவைப் பார்த்து எந்தக் கணவனும் தன்னை அடையாளம் கண்டிருக்க மாட்டான். ஆள் கடத்துகிறவன், கொலை செய்கிறவன் வேறு யாரோ. குணசேகரனைப் பார்த்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. மகளை எம்.ஏ. வரை படிக்கவைத்து, மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று வேலையை விடச்சொன்ன அப்பாக்கள் அடையாறிலும் இருக்கிறார்கள், தி. நகரிலும் இருக்கிறார்கள். படித்த மருமகள் வேண்டும், சம்பாதிக்கும் மருமகள் வேண்டாம் என்ற விதியைத் தமிழ்த் தொலைக்காட்சி அதற்கு முன் இவ்வளவு பச்சையாகப் பெயர் சொல்லிக் காட்டியதில்லை. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டாவது இப்படி ஒரு வில்லன் வேண்டியிருந்தது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் போடுகிறவனை முடித்துவைக்க, ஆளைத் தண்டித்தால் போதாது. சட்டத்தை உடைக்க வேண்டும். அதற்கு எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்: விடாது கருப்பு' தொண்ணூறுகளின் பின்பாதியில் வாரம் ஒருமுறை வந்தது. யார் குற்றவாளி என்பது கடைசியில்தான் தெரியும். ஆனால் கடைசி ஒன்று இருக்கிறது என்பது முதல் வாரமே எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு காட்சியும் அந்தக் கடைசியை நோக்கி நகர்ந்தது. கிர்க்மனும் தன் தொடரை விற்பனை இருக்கும்போதே, முன்னறிவிப்புகூட இல்லாமல், தான் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். ரிக் செத்த பிறகு அவர் கட்டிய ஊர்கள் எப்படி நிலைத்தன என்று காட்டவே கடைசி இதழ் பயன்பட்டது. நேகனின் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்துவிட்டதை வாசகர் கண்ணால் பார்த்தார். 'எதிர்நீச்சல்' அந்த இடத்தை நெருங்கும்போதெல்லாம் கடத்தலுக்கும் துரத்தலுக்கும் திரும்பிப் போயிற்று. அப்போதெல்லாம் குணசேகரன் ஆதித்யாவாக மாறினான், அவனுடைய பயங்கரம் பாதியாகக் குறைந்தது. சமையலறையிலிருந்து வெளியே போன நான்கு பெண்களும் சம்பளம் வாங்கி, கணக்குப் பார்த்து, அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற வாழ்க்கையைக் காட்ட எபிசோடுகள் ஒதுக்கியிருக்க வேண்டும். டி.ஆர்.பி. விழும் வியாழக்கிழமைதான் தொடரின் கடைசி நாளைத் தீர்மானிக்கும் என்ற நிலை இருக்கும்வரை அதற்கு இடம் கிடைக்காது. சேனல்கள் ஒரு மெகா தொடரைத் தொடங்கும்போதே அதன் முடிவுத் தேதியையும் எழுதுகிறவரோடு பேசி வைத்துவிட வேண்டும். குணசேகரனைப் போல ஒரு வில்லனை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த உரிமையாவது கொடுங்கள்.